அறுவடைக்கு முன்னும் பின்னும்

“இவர்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது.” இடம்பெயர்ந்த மக்கள் மத்தியில் பணியாற்றும் எவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பர். படிவம் பிழையாக நிரப்பப்பட்டிருக்கும். காணி உறுதியின் பிரதி வீட்டில் மறந்துபோயிருக்கும். கூட்டத்துக்கு வந்தவர் பாதியில் எழுந்து போயிருப்பார். நாமும் அப்படிச் சொன்னதுண்டு. அதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரியென்பதைக் கமக்காரரிடமே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று பொருளியற் பேராசிரியரான செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி முதலிய மூவருடன் சேர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் கரும்புச் செய்கையாளர் 464 பேரைச் சந்தித்தார். முடிவுகள் 2013இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியாயின.

கரும்புக்காரருக்குக் காசு வருவது அறுவடையோடுதான். அதற்கு முந்திய மாதங்களில் நூற்றுக்கு 78 பேர் ஏதாவதொரு பொருளை அடைவு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 பேரே. அதே மனிதருக்கு இரு காலத்திலும் ஒரு பரீட்சை வைத்தனர். உருவங்களின் ஒழுங்கைப் பார்த்து, விடுபட்ட துண்டைத் தெரிவுசெய்ய வேண்டும், எழுத்தறிவு தேவையில்லை. அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின்னர் 5.45. பருவகாலம்தான் காரணம் என்றும் தள்ளிவிட முடியாது. ஆலை எல்லோருடைய கரும்பையும் ஒரே மாதத்தில் எடுப்பதில்லை. ஒருவர் வெட்டி முடித்திருக்க, அயலவர் இன்னும் காத்திருப்பார்.

மனிதர் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. கடன், தவணை, நாளைய அரிசி என்ற கணக்குகள் மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மீதிக்கு இடம் குறைகிறது. ஆய்வாளரின் விளக்கம் இதுவே.

இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வொன்றில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் சம்பளத்துக்குக் காத்திருப்பதும் ஒரு போக விளைச்சலுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது எமது எண்ணம்.

கரும்புக்காரருக்காவது அறுவடை மாதம் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கின் செம்பாட்டு மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்களில் பலருக்கு, கால் நூற்றாண்டு கடந்தும் காணிக்குத் திரும்பும் நாள் தெரிந்திருக்கவில்லை. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டதே 2017இல்தான். நலன்புரி நிலையத்தில் வளர்ந்த பிள்ளைகள் அதற்குள் பெற்றோராகிவிட்டனர். இத்தகைய காத்திருப்பில் இருப்பவரிடம் ஐந்து பக்கப் படிவத்தைக் கொடுத்து, குறித்த திகதி தவறினால் வீட்டுத்திட்டமும் தவறும் என்பது என்ன நியாயம்?

எமது பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு புரட்டாதியில் மூன்று நாள் சேமிப்புப் பயிற்சி நடத்தினோம். விதைப்புச் செலவுக்கு எல்லோரும் அலைந்துகொண்டிருந்த மாதம். ஒரு தாய் இரண்டாம் நாள் முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் அவரது பெயருக்கு நேரே “ஆர்வம் குறைவு” என்று எழுதினோம். அடைவு வைத்த சங்கிலியின் மீட்புத் தவணை அன்றோடு முடிவதும், காசோடு வருவதாகச் சொன்ன தமையன் வராததும் பின்னரே தெரியவந்தன. சேமிப்பைப் பற்றி அவருக்கு நாம் சொல்ல என்ன இருந்தது!

இனிப் பயிற்சிகளைக் காலபோக நெல் வீடு வந்தபின், மாசியில் வைக்க எண்ணியுள்ளோம். வெங்காயமும் புகையிலையும் செய்வோருக்கு அது பொருந்தாமற் போகலாம். கூலிக்குப் போவோருக்கு எந்த மாதமும் ஒன்றுதான். ஆகவே உங்கள் கைக்குக் காசு எப்போது வருகிறது, எப்போது இறுகுகிறது என்பதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். படிவத்தின் எந்த வரி இடறுகிறது என்பதையும் குறித்துத் தாருங்கள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.