ஓராண்டைத் தாண்டும் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது?



“டீச்சர், பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சிருது, வகுப்பில சலிப்பா இருக்காம். ஒரு வகுப்பு மேல போட முடியாதா?” ஆண்டுதோறும் ஒரு பெற்றோராவது என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. மீத்திறன் கொண்ட பிள்ளையைத் தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பக் கேட்க வைப்பதும் ஒருவகைத் தண்டனைதான். எனவே, வகுப்பைத் தாண்டுவதே கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. தக்க பிள்ளைகளை மேல்வகுப்புக்கு உயர்த்துவதால் கல்வியில் நன்மையே விளைகிறது என்பதை 2004இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று, பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. என் மாறுபாடெல்லாம் பிள்ளையை ஆயத்தம் செய்யும் முறையில்தான்.

மலேசியா இதனைச் செய்து பார்த்த நாடு. 1996இல் அறிமுகமான பி.டி.எஸ். தேர்வு பலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர் அதில் தேறினால் நான்காம் ஆண்டை விட்டு நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். 2001இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. நான் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த காலத்தில், மூத்த ஆசிரியர்கள் அதைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள். டியூசன் வகுப்புகள் பெருகின. பயிற்சி நூல்கள் குவிந்தன. ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரித் தேர்வுத்தாள்களோடு மல்லுக்கட்டியது. பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார்களே தவிர, ஐந்தாம் ஆண்டுக்கு ஆயத்தம் செய்யவில்லை!

தாண்டப்படும் அந்த நான்காம் ஆண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? கே.எஸ்.எஸ்.ஆர். கணிதத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் 10,000 வரையிலான எண்கள். நான்காம் ஆண்டில் 100,000. ஐந்தாம் ஆண்டில் 1,000,000. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடைவெளியைச் சில வாரங்களில் கடந்துவிடும். வரலாற்றுப் பாடமோ நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதனைப் படிக்காத பிள்ளை ஐந்தாம் ஆண்டில் கதையின் நடுவில் போய் உட்காரும். ஆயினும், விடுமுறையில் பாடநூலைப் படிக்கக் கொடுத்தால் இதையும் சரிசெய்துவிடலாம்.

சரிசெய்யக் கடினமானது எழுத்துத்தான். சிந்தனை விரைந்து ஓடும். ஒன்பது வயதுக் கை அவ்வளவு விரைந்து ஓடாது. வாய்மொழியாகக் கேட்டால் பெரியவர்போல் விளக்கம் தரும் பிள்ளை, கட்டுரை என்றதும் நான்கு வரி எழுதிவிட்டு முடிந்தது என்று நீட்டும். பத்தி பிரிப்பது, ஒரு கருத்தை விரித்து எழுதுவது, எழுதியதைத் திரும்பப் படித்து ஒற்றுப்பிழை திருத்துவது ஆகியவை அறிவுக்கூர்மையால் மட்டும் வருவன அல்ல. வாரந்தோறும் எழுதி எழுதி வருவன. எழுத்துவேலை மிகுந்த மேல்வகுப்பில் இப்பழக்கமில்லாத பிள்ளை திடீரென்று ‘சுமாரான மாணவன்’ ஆகிவிடுகிறது. அதுவரை முதலிடத்தையே அறிந்த பிள்ளைக்கு இது பேரிடி.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய்மொழி என்னும் இன்னொரு தேவையும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். நடைமுறையில் இருந்த காலத்தில் (அது 2021இல் நீக்கப்பட்டது), மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழிக்க வேண்டியிருந்தது. கணிதத் திறத்தால் ஓராண்டை மிச்சப்படுத்திய பிள்ளை, மலாய்மொழியால் அதே ஓராண்டைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன பயன்?

குறைநீக்கல் போதனை மெதுபயில் மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கிறோம். தாண்டப்போகும் பிள்ளைக்கும் அதுவே தேவை என்பது என் தாழ்மையான கருத்து. வளப்படுத்தும் பயிற்சிகளை அப்பிள்ளை தானே தேடிக்கொள்ளும். விடுபட்டதை நாம்தான் தேடித் தர வேண்டும்.

முழு வகுப்பையும் தாண்டவைக்கும் தேர்வு இன்று இல்லையென்றாலும், ஒரு பாடத்தில் மட்டும் பிள்ளையை முன்னே விடலாம். மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் கணிதப் பாடவேளை ஒன்றாக அமையுமாறு கால அட்டவணையைத் தயாரித்தால், அப்பிள்ளை அந்த நேரத்தில் மட்டும் அடுத்த அறைக்குச் சென்று வரலாம். மாணவர் மிகக் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் இரு ஆண்டு மாணவர்களும் ஒரே கூட்டு வகுப்பில் பயில்வதைக் குறையாகவே பேசுகிறோம். அங்கே மூன்றாம் ஆண்டுப் பிள்ளை, யாரையும் கேட்காமலேயே நான்காம் ஆண்டுப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும்!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஐயோவாவில் இதற்கென்றே உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் மற்றத் தகுதிகள் எத்தனை இருந்தாலும் உயர்த்த வேண்டாம் என்கிறது அது. ஆகவே, நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் வகுப்பாசிரியர் பிள்ளையிடம் தனியே கேட்கட்டும். அதே அளவுகோல் சொல்லும் இன்னொரு தடை, உடன்பிறந்தவர் பயிலும் வகுப்புக்குப் பிள்ளையை ஏற்றக்கூடாது என்பது. தம்பி வந்து பக்கத்தில் அமர்ந்து தன்னைவிட அதிகப் புள்ளி வாங்கினால் அண்ணனின் மனம் என்ன பாடுபடும்? பெரிய பள்ளியென்றால் இருவரையும் வெவ்வேறு வகுப்பில் போடலாம். ஆண்டுக்கு ஒரே வகுப்புள்ள நம் பள்ளிகளில் அதற்கு வேறு அறை கிடையாது.