ஜூன் மாதத்தில் சொல்ல வேண்டிய நன்றி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் சொர்ணவாரி நெல் வயலில் நிற்கும்போதுதான் பள்ளிக்கூடம் திறக்கிறது. சித்திரை, வைகாசியில் போட்ட பயிர். ஆடி, ஆவணியில் அறுப்பு. இடையில் களையெடுப்பு, மேலுரம், தண்ணீர் முறை என்று வீட்டில் யாருக்கும் கை ஓயாது. தாம்பரத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகிக்கொண்டே வந்தாலும், அகரம்தென், மதுரப்பாக்கம், பொன்மார் பக்கம் இன்னும் கொஞ்சம் நெல்லும் கீரையும் கறவை மாடும் மிச்சம் இருக்கின்றன. அங்கே ஜூன் மாதத்துக் காலை ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். எக்ஸெல் வண்டியின் பின்னால் உரமூட்டை, முன்னால் புதுப் பையோடு பிள்ளை. பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு அப்பா வயலுக்குப் போய்விடுகிறார்.

அந்த அப்பாவிடம் விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் கடைக்காரர் பெயரோடு சொல்வார். டிராக்டர்காரர் பெயர் தெரியும். பால் சொசைட்டியில் அளவு பார்ப்பவர் பெயர் தெரியும். கால்நடை மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்பதும் தெரியும். நான்காம் வகுப்பு டீச்சர் பெயர் என்ன என்றால், 'அந்தக் கண்ணாடி போட்ட டீச்சர்' என்பார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விதை முளைக்காவிட்டால் பத்தே நாளில் தெரிந்துவிடும், கடைக்காரரிடம் போய் நிற்கலாம். டீச்சர் செய்வது என்ன என்பது தெரிய பத்து வருஷம் ஆகிறது.

நல்ல ஆசிரியர் செய்வதில் பாதி, பாடப் புத்தகத்தில் இல்லாத வேலை. விடியற்காலையில் சேலையூர், செம்பாக்கம் குடியிருப்புகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் பையன் முதல் பாடவேளையில் தூங்கி விழுவான். அவனை எழுப்பி வெளியே நிறுத்தலாம். பல பேர் அதைத்தான் செய்வார்கள். முகம் கழுவிவிட்டு வரச் சொல்லி, அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், 'இவன் பத்தாவது, இந்த வருஷம் மட்டும் வேறு யாராவது பால் ஊற்றட்டுமே' என்று சொல்லிவிட்டு வருபவரும் இருக்கிறார். அறுப்பு நாளில் அம்மா வயலில் நிற்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிட்ட பெண் பிள்ளை நான்காம் நாள் பள்ளிக்கு வந்தால், 'ஏன் வரவில்லை' என்று முதலில் கேட்காமல், விட்டுப்போன கணக்கை இடைவேளையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பவர் இருக்கிறார். நாற்றங்காலில் மஞ்சள் தட்டிய முதல் நாளே கண்ணில் பிடிப்பவர் நல்ல விவசாயி என்றால், இவர்களும் அதே ரகம்தான்.

தாம்பரத்தில் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் கவனித்தது பிள்ளைகளை மட்டுமல்ல, அவர்கள் நடமாடப்போகும் மண்ணையும்.

சென்னை ஜார்ஜ் டவுனில் 1837-ல் சிறு பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது சென்னை கிறித்தவக் கல்லூரி. சரியாக 100 ஆண்டு கழித்து, 1937-ல், தாம்பரத்துக்கு இடம் மாறியது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதலே மின்ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், அன்றைய தாம்பரம் நகரவாசிகளுக்குத் தொலைதூர ஊர். கல்லூரிக்குக் கிடைத்தது சேலையூர்க் காட்டில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். காடு என்றதும் பெரிய மரங்களை நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்து வறண்ட முட்புதர்க் காடுதான்.

அந்தக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவரும் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் சேர்ந்து அந்த வளாகத்தில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். அவருடைய பாடம் வேதியியல், மரம் வளர்ப்பது அவருடைய வேலையே அல்ல. ஆனால் செடிகளைப் பற்றிய அறிவில் தாவரவியல்காரர்களுக்குச் சமமாக இருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். காசித்தும்பை இனத்தில் ஒரு புதிய வகையை உலகுக்கு விவரித்து எழுதினார். சேனைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடி ஒன்றுக்குத் தாவரவியலில் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்: அரிசீமா பார்னேசியை.

இந்தப் பகுதியில் கன்று நட்டுப் பிழைக்க வைத்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வேலை என்று. மழையை நம்பினால் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அதற்கு முன் குழி எடுத்து ஆறப்போட வேண்டும். மழையில் வேர் பிடித்த கன்று மாசி தாண்டினால் வாட ஆரம்பிக்கும். முதல் இரண்டு கோடை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும். கல்லூரி தாம்பரத்துக்கு வந்து நான்கே ஆண்டில், 1941-ல், பார்ன்ஸ் காலமாகிவிட்டார். இன்று கிழக்குத் தாம்பரத்தின் கட்டடங்களுக்கு நடுவே புள்ளிமான் திரியும் அளவுக்கு அடர்ந்து நிற்கிறது அந்த வளாகம். அந்த நிழலை அவர் பார்க்கவில்லை. அவரிடம் வேதியியல் படித்தவர்கள் அந்த நிழலில் நின்றபோது நன்றி சொல்ல அவர் இல்லை.

இதே கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அங்கே தத்துவம் படித்தவர் திருத்தணியைச் சேர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிறகு ஆசிரியராகி, குடியரசுத் தலைவரும் ஆனார். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஐத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் செப்டம்பர் வருவதற்குள் சொர்ணவாரி அறுத்து முடிந்திருக்கும், சம்பா நடவும் நடந்திருக்கும், காலாண்டுத் தேர்வு வாசலில் நிற்கும். ஆசிரியருக்குத் துணை வேண்டியது ஜூனில்.

ராதாகிருஷ்ணனின் அந்தத் திருத்தணிப் பக்கத்தில் 2018-ம் ஆண்டு ஜூனில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவான். அப்போது வயது 28. 2014-ல் சேர்ந்த அதுதான் அவருடைய முதல் பணியிடம். அவருக்குத் திருத்தணி அருகே அருங்குளத்துக்கு மாறுதல் வந்தது. விடைபெற்றுக் கிளம்பியவரைப் பிள்ளைகள் சுற்றி வளைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். போக விடவில்லை. பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் படம் செய்தித்தாள்களில் வந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. மாறுதலைப் பத்து நாள் நிறுத்திவைத்தது கல்வித்துறை. அப்படி என்ன செய்தார் என்றால், பெரிய வித்தை எதுவும் இல்லை. பாடம் தவிரப் பிள்ளைகளிடம் பேசினார், ஒவ்வொருவர் வீட்டு நிலைமையும் கேட்டுத் தெரிந்துகொண்டார், அண்ணன் மாதிரி நடந்துகொண்டார்.

அழுத பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மாறுதல் ஏன் வந்தது என்பதைப் பேசியவர்கள் குறைவு. யாரும் அவர்மேல் புகார் கொடுக்கவில்லை. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியர் எண்ணிக்கை என்ற கணக்கில் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் உபரி என்றானது. உபரியில் பணிமூப்பு குறைந்தவர்தான் முதலில் போக வேண்டும். அது அவராக இருந்தார்.

இந்த உபரிக் கணக்கைக் கிராமத்துப் பெற்றோர் புரிந்துகொள்வது நல்லது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். அதாவது, தெருவில் நாலைந்து வீடுகள் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்ப முடிவெடுத்தால், அதன் விளைவாக அடுத்த வருஷம் ஊர்ப் பள்ளியை விட்டுப் போவது அந்த ஊரிலேயே நல்ல பெயர் எடுத்த இளம் ஆசிரியையாக இருக்கலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வேன் வராத தெரு இப்போது ஏது? ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன என்பதையும், எட்டாம் வகுப்பு வரை அங்கே கட்டணம் இல்லை என்பதையும், அங்கே இருக்கும் ஆசிரியர் யார் என்பதையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நெல் ரகத்தை மாற்றுவதற்கு முன் பக்கத்து வயலில் போய் நின்று பார்க்கிறவர்கள்தானே நாம்.

ஆசிரியருக்கு நன்றி என்றால் நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் காய்த்த பூசணிக்காய், நாலு கட்டுக் கீரை, பொங்கலுக்குக் கரும்பு. வாங்கிக்கொள்ளும் டீச்சருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு அதைவிட உதவியாக இருப்பவை வேறு. சொர்ணவாரி அறுப்பு எந்த வாரம் என்று முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். 'அந்த மூன்று நாள் இவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், நிறுத்தாமல் அனுப்பப் பார்க்கிறோம்' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பிள்ளை காணாமல் போன பிள்ளையாக இருக்காது. வீட்டில் கடன் நெருக்கடி, அப்பா வெளியூர் வேலை, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரிந்திருந்தால், பிள்ளை சோர்ந்து உட்காரும் நாளில் திட்டு விழாது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே, மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் கையெழுத்து வாங்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏரி மதகு திறக்கும் கூட்டத்துக்கு மட்டும் யாரும் வராமல் இருப்பதில்லை! இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால் கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, ஆசிரியர் காலியிடம் என்று ஆசிரியர் தனியாகப் போராடிக்கொண்டிருக்கும் விஷயங்கள் தெரியவரும். ஆசிரியர் கேட்டால் ஒருமாதிரி, பெற்றோர் தீர்மானம் போட்டுக் கேட்டால் வேறு மாதிரி.

எழுதியும் கொடுக்கலாம். நமக்கு மனு என்றாலே புகார்தான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நீட்டும் காகிதம் எல்லாம் குறை சொல்லும் காகிதம். இன்ன வகுப்பு ஆசிரியை இன்ன பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினார், அதனால் இன்ன மாற்றம் வந்தது என்று நாலு வரி எழுதி, பத்துப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு, தலைமை ஆசிரியரிடம் ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒன்று கொடுத்தால் அது கோப்பில் ஏறும். மாறுதலை அது நிறுத்தும் என்று சொல்ல முடியாது. அந்த ஆசிரியை அடுத்த ஊருக்குப் போகும்போது கையில் எடுத்துப் போக ஒன்று இருக்கும்.

இன்னொன்று விவசாயக் குடும்பங்களால் மட்டுமே எளிதாக முடிவது. பள்ளியில் மரமோ காய்கறிப் பாத்தியோ வைக்க ஆசைப்படும் ஆசிரியர்கள் நிறையப் பேர். குழி எந்த அளவு, எந்த மண்ணில் எது வரும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஜூனிலேயே போய், ஒன்றரை அடிக்குக் குறையாமல் குழி எடுத்து ஆறவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து மூடி வைத்தால் மழைக்கு நடத் தயார். கறிவேப்பிலை, பப்பாளி, நெல்லி எல்லாம் வரும். முருங்கை வைத்தால் சத்துணவுக்குக் கீரை ஆகும். கிளை சட்டென்று முறியும் மரம் அது, பிள்ளைகள் ஏறி விளையாடாத வேலியோரமாகப் பார்த்து வைக்க வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் பப்பாளியும் முருங்கையும் நிற்காது.

பள்ளி மரங்கள் சாவது பெரும்பாலும் மே மாதத்தில். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், டீச்சர் சொந்த ஊரில் இருப்பார். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பள்ளிக்கு அக்கம்பக்கத்து வீடுகள் எவை, எந்த வீட்டுக்கு எந்த வாரம் தண்ணீர் முறை, கேட் சாவி யாரிடம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். வாரம் இரண்டு தடவை, கன்றுக்கு ஒரு குடம் போதும்.