ஒற்றப்பாலம்: வென்றோர் பட்டியல் வரலாறாகுமா?

ஒற்றப்பாலம் தனித்தொகுதியின் வரலாற்றைக் கே. ஆர். நாராயணனின் மூன்று வெற்றிகளுக்குள் (1984, 1989, 1991) அடக்கிவிடுவது ஆய்வாளர்க்கு வசதியாயிருக்கிறது. பின்னர் அவர் குடியரசுத் தலைவரானார், பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் ஒற்றப்பாலம் மறைந்தபோது, தனித்தொகுதி என்னும் தகுதி ஆலத்தூருக்குச் சென்றது. முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அதற்குள் அடங்கும். அங்குள்ள அம்பேத்கர் காலனிச் சக்கிலியர்க்குத் தேநீர்க்கடைகளில் தனிக்குவளை வைக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு 2017இல் எழுந்தது. அதற்குள் ஆலத்தூர் இரண்டு மக்களவைத் தேர்தல்களைக் கண்டிருந்தது! இட ஒதுக்கீடு யாருக்காக வந்ததோ அவர்தம் குவளை எந்த அட்டவணையில் ஏறும்? வாக்கு வித்தியாசத்தைத் தசமப் புள்ளிவரை கணக்கிடுவோர், அக்காலனி குறித்து மக்களவையில் எத்தனை வினாக்கள் எழுந்தன என்பதை முதலில் எண்ணட்டும்.