பெரிய குண்டுதான் தூரம் போகும் என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கச்சி பேத்தி என்.சி.சி. முகாமில் சுட்ட டார்கெட் அட்டையைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். பாயிண்ட் டூ டூ ரைபிள், 25 கஜம், ஐந்து ரவுண்டு. ஐந்து ஓட்டையையும் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்து மறைத்துவிடலாம். "பெரியவளானதும் ஆயிரம் கஜத்தில் சுடணும் தாத்தா" என்கிறாள். பெருமைக்குத்தான் போட்டேன்.

டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் எழுதுகிறான்: "சார், .22 எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. லாங் ரேஞ்ச் என்றால் .338 லப்புவாதான். மேல்படிப்புக்கு இங்கே அனுப்புங்க, நான் பழக்குறேன்." கோவில்பட்டி மாப்பிள்ளை எழுதுகிறார்: "மாமா, நம்ம நாட்டுக்கு .315தான் ரைபிள். மத்ததெல்லாம் பொம்மை."

இரண்டு பேர் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. நம்மோடு போகிற பேச்சு என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் பிள்ளை அதைப் படித்துவிட்டு, "நான் சுட்டது பொம்மைத் துப்பாக்கியா தாத்தா?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காலிபர் என்றால் என்ன? குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, சுமார் 5.6 மில்லிமீட்டர். அது செருப்பு நம்பர் மாதிரி. பத்தாம் நம்பர் செருப்புக்காரன் ஏழாம் நம்பர்காரனைவிட வேகமாக ஓடுவான் என்று யாராவது சொல்வோமா?

மாப்பிள்ளை, உங்கள் .315 எப்படிப் பிறந்தது தெரியுமா? பாளையப்போர் 1801ல் முடிந்ததும் நம் பக்கத்துப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினி உத்தரவு போட்டது. 1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கையில் .303 இருந்தது. அந்தத் தோட்டா ஜனங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இங்கே .315 கொடுக்கப்பட்டது. 1907 வாக்கில் .450ஐயும் இந்தியாவில் தடுத்தார்கள். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புது நம்பர்களைக் கொண்டுவந்தன. அவை பிறந்ததற்குக் காரணம் சர்க்காரின் பயம். குறி தவறாமல் சுட வேண்டும் என்று யோசித்து அந்த நம்பர்களை யாரும் எடுக்கவில்லை. .315ன் மொட்டை மூக்குக் குண்டு கிட்டத்து வேட்டைக்கு ஆனது. ஆயிரம் கஜத்துக்கு அதைச் சிபாரிசு செய்வது, மாட்டுவண்டியை ரேஸுக்கு அனுப்புகிற கதை.

இப்போது டெக்சாஸ் தம்பிக்கு. பதினொன்றாம் வகுப்பில் காற்றுத்தடை நடத்தியபோது நீ கடைசி பெஞ்சில் தூங்கியிருக்க வேண்டும்! களத்தில் கம்பு தூற்றும்போது மணி நேரே விழும், உமி பறந்துவிடும். அதை வைத்து 'கனமான குண்டுதான் காற்றுக்கு அசையாது' என்பாய். பாதிதான் சரி. ஒரே எடையில் ஒரு கல்லையும் ஒரு வேல்கம்பையும் எறிந்து பார். எடையோடு வடிவமும் சேர்ந்துதான் கணக்கு. நீளமாக, ஒல்லியாக, கூர்மூக்காக இருக்கும் குண்டு காற்றைக் கிழித்துப் போகும்.

கணக்கு வேண்டுமா? .308ல் வழக்கமான பந்தயக் குண்டு 175 கிரெயின், சுமார் 11.3 கிராம். 2007ல் வந்த 6.5 கிரீட்மூரில் 140 கிரெயின், சுமார் 9 கிராம். விட்டமும் குறைவு, எடையும் குறைவு. ஆனாலும் ஆயிரம் கஜத்தில் பக்கக்காற்று அதைத் தள்ளுவது .308ஐவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. தோளில் விழும் உதையும் குறைவு. 300 மீட்டர் சர்வதேசப் போட்டியில் 8 மில்லிமீட்டர் வரை விதி அனுமதிக்கிறது. அங்கே ஜெயிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது 6 மில்லிமீட்டர். பெரிசுதான் நல்லது என்றால் அவர்கள் ஏன் சிறிசை எடுக்கிறார்கள்? பதில் சொல்.

.338 வேண்டாத சரக்கு என்று நான் சொல்லவில்லை. மைல் தூரத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் அது பட்டாளத்துக்காக உண்டானது. ஒரு தோட்டாவில் போகும் மருந்து 6.5ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உதையும் அதற்கேற்ப, செலவும் அதற்கேற்ப. பழகுகிற பிள்ளை கையில் கொடுக்கிற சாமான் அது அல்ல.

இதை ஏட்டை வைத்துச் சொல்லவில்லை, என் தோளை வைத்துச் சொல்கிறேன். கல்லூரி என்.சி.சி.யில் நான் பாயிண்ட் டூ டூவில் நன்றாகச் சுடுவேன். ஒரு முகாமில் கூட்டாளிகளிடம் வீறாப்புக் காட்ட த்ரீ நாட் த்ரீயை வாங்கினேன். நான் ஒல்லிப்பிச்சான். பிடியும் சரியில்லை. பத்து ரவுண்டில் தோள் நீலம் பாய்ந்துவிட்டது. தோள் நாலு நாளில் ஆறியது, மனசு ஆறவில்லை. அதன்பிறகு பாயிண்ட் டூ டூவிலும் என் குண்டுகள் சிதறின. காரணம் எனக்கே புரியவில்லை. ஒரு ஹவில்தார் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியைப் போட்டார். ட்ரிகரை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் கண் மூடியது, தோள் குலுங்கியது, குழல் ஒரு சாண் கீழே போனது. "பார்த்தியா? வெடிக்கிறதுக்கு முன்னாலேயே பயந்துட்டே" என்றார். அந்தப் பயத்தைக் கழற்ற எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. உங்கள் வீறாப்புக்கு அந்த ஒரு வருஷத்தை என் பேத்தி ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. ஆயிரம் கஜத்தில் ஆளைத் தோற்கடிப்பது தூரம் இல்லை, காற்று. தூரத்தை அளந்து குறியை ஏற்றிவிடலாம். காற்றைக் கண்ணால் படிக்க வேண்டும். அதைப் படிக்க .22 போல வாத்தியார் கிடையாது. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்றில், 100 கஜத்துக்குள் .22 குண்டு நாலு அங்குலம் போல விலகும். .308 முக்கால் அங்குலம்தான் விலகும். பெரிய துப்பாக்கி உன் தப்பை மூடி மறைக்கும். சின்னது காட்டிக்கொடுக்கும். கயத்தாறு காற்றாலைகள் சுற்றுகிற சீமை இது. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் இங்கேயே இருக்கிறது.

'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்றாயே, 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியது இந்த .22ல்தான். 50 மீட்டர் தூரம், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். முடிந்தால் சுட்டுக் காட்டு தம்பி.

ஆகவே என் முடிவு இது. பிள்ளை முதலில் .177 ஏர் ரைபிளில் நிற்கப் பழகட்டும். பிறகு .22ல் காற்றைப் படிக்கட்டும். பதினெட்டு தாண்டி, ஆயிரம் கஜத் தளத்தில் படுக்கும் நாள் வந்தால் 6 அல்லது 6.5 மில்லிமீட்டரை எடுக்கட்டும். லைசென்ஸ், தளம், காசு மூன்றும் அப்போது கூடிவர வேண்டும். அதற்கு உதவ நினைக்கிறவர்கள் துப்பாக்கி வாங்கித் தர வேண்டாம். மாதம் ஒரு பெட்டி .22 ரவுண்டுக்கு ஆகும் காசை அவள் பயிற்சிக் கணக்கில் போடுங்கள்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம், பொங்கலுக்கு வாருங்கள். டெக்சாஸ் தம்பி, நீயும் ஒரு .22 வாங்கி 200 கஜத்தில் சுட்டு, அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. இந்தத் தடவை மார்க் போடப்போவது நான் இல்லை, என் பேத்தி.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்