பெரும் பகா எண்ணும் நம் பிள்ளைகளும்

கணக்கை டொச் மொழியிற் படித்தாற் போதும், தமிழுக்கு ஆத்திசூடியும் கலைவிழாவும் போதும் என்று கருதும் பெற்றோர் நம்மிடையே பலருளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. விழா நாளில் மட்டும் உடுக்கும் பட்டுடைபோல் மொழியை வைத்திருந்தால், சிந்திப்பதற்குப் பிள்ளைகள் அதனை நாடமாட்டார்கள். தாயகத்திலே கணிதத்தைத் தமிழிற் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் எண்ணைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிலும் பெரிய எண்ணை நம் இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்றன. தமிழகத்தார் பகா எண் என்பர். பகுக்க இயலாதது பகா எண். சொல்லே பொருளை உரைத்துவிடுகிறது. (இவ்விடயத்தில் நான் தமிழகத்தார் பக்கம்!) இங்குள்ள பாடசாலையிற் கேட்கும் 'பிறிம்சால்' என்ற சொல்லுக்கு இவ்வசதி இல்லை.

மாணவச் செல்வங்களே, ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127 வரும். இது பகா எண். இனி, 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள். 39 இலக்கங்கள் கொண்ட எண் பிறக்கும்:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

இதுவும் பகா எண்ணே என்று பிரான்சு நாட்டவரான எடுவார்ட் லூக்கா 1876இல் நிறுவினார். கணனி இல்லாத காலம். கையாற் கணித்தே கண்டார். 1951 வரை இதனிலும் பெரிய பகா எண்ணை எவரும் அறிந்திலர்.

ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்த்தாரா? அதற்கு ஆயிரம் ஆயுள்களும் போதா. காரணியைத் தேடாமலே தீர்ப்புரைக்கும் வழியொன்றை அவர் கண்டார். அமெரிக்கரான லேமர் அதனை 1930இல் எளிமையாக்கினார். 127ஐயே சோதிப்போம். 4இல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து, மீதியை எடுக்க. அம்மீதிக்கும் அவ்வாறே செய்க. 14, 67, 42, 111, 0 என வரும். பெருக்கிய இரண்டுகள் ஏழு. அதில் இரண்டு குறைய ஐந்து படிகள். இறுதிப் படியிற் பூச்சியம் வந்தமையால் 127 பகா எண். இரண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப் பகா எண்ணாயிருக்கும்போதெல்லாம் இச்சோதனை பொருந்தும். 2024இல் கண்டறியப்பட்ட, 41,024,320 இலக்கங்களுடைய பகா எண்ணும் இதனாலேயே உறுதிசெய்யப்பட்டது.

வர்க்கம், மீதி, காரணி, பூச்சியம் ஆகிய நான்கு சொற்களே இங்கு வேண்டப்பட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கு இவை பாரமாகா. ஆகவே ஒவ்வொரு தவணையிலும் இரண்டு வகுப்புகளையேனும் நம் பள்ளி கணிதத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நாடகப் பயிற்சி சற்றுக் குறையட்டுமே!

பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளைகளோடு அமர்ந்து, பதினொரு இரண்டுகளால் வரும் 2047ஐத் தமிழிற் பேசியவாறே சோதித்துப் பாருங்கள். ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சும், பூச்சியம் வராது. அதன் காரணிகள் இரண்டையும் பிள்ளைகளே தேடட்டும். சிறியது முப்பதுக்குள் இருக்கிறது.