வரி கட்டுபவருக்கும் ஒரு பிரதி

சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை தவறாமல் ஒரு நினைவூட்டல் வந்துவிடும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். விட்டுவிட்டால் வட்டி. குறுஞ்செய்தியில் வரும், பேனரில் தொங்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டும் வரும். நாம் மாநகராட்சிக்குத் தர வேண்டிய வட்டியில் இத்தனை கறார். சரி, மாநகராட்சி பிறருக்குத் தர வேண்டிய வட்டி எவ்வளவு? அதைச் சொல்லிக்கொண்டு எந்த ஆட்டோவும் நம் தெருவுக்குள் வந்ததில்லை.

2025இல் பெருநகர சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி 7.97 சதவீதம். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகால் பணிக்கு என்று காரணம் சொல்லப்பட்டது. முழுத் தொகையும் நிலுவையில் இருக்கும்வரை, ஆண்டுக்குச் சுமார் 16 கோடி ரூபாய் வட்டி மட்டும் போகும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. செய்தி எல்லா நாளேடுகளிலும் வந்தது. கேட்ட தொகையைப்போலப் பல மடங்குக்கு முதலீட்டாளர்கள் முன்வந்தார்கள் என்பதும் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானதுதான். அரசு உத்தரவாதத்தின் நிழலில் ஒதுங்காமல், தன் கணக்கைத் தரமதிப்பீட்டு நிறுவனத்திடம் நீட்டி, சந்தையில் நின்று கடன் வாங்குவது ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு வயது வந்ததன் அடையாளம். நான் கடன் பத்திரத்துக்கு எதிரி இல்லை. இந்திய நகரங்கள் கையில் காசில்லாமல் தவிப்பதை ரிசர்வ் வங்கியே 2022இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது: நம் மாநகராட்சிகளின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 1 சதவீதத்தைச் சுற்றியே பத்தாண்டுக்கு மேலாக நிற்கிறது, பிரேசிலில் அது 7.4 சதவீதம். வடிகால் வேண்டும் என்றால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கடனைத் திருப்பிக் கட்டுவது யார் என்ற இடத்தில்தான் என் கேள்வி தொடங்குகிறது.

இத்தகைய பத்திரங்களில் வழக்கமாக உள்ள ஏற்பாடு இது. மாநகராட்சியின் சொந்த வருவாய், பெரும்பாலும் சொத்துவரி, நேராக ஒரு தனி வங்கிக் கணக்கில் போய் விழும். எஸ்க்ரோ கணக்கு என்பார்கள். அதிலிருந்து மாதாமாதம் வட்டிக்கு ஒரு பங்கு, அசலுக்கு ஒரு பங்கு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் மாநகராட்சி தன் செலவுக்கு எடுக்க முடியும். குப்பை லாரிக்கு டீசல், தெருவிளக்கு, ஒப்பந்தக்காரர் பாக்கி எல்லாம் அதற்குப் பிறகே. பணம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அறங்காவலர் நிறுவனம் ஒன்று உண்டு. தரமதிப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் வந்து நாடி பிடித்துப் பார்க்கும். 2015இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட மாநகராட்சி தன் நிதிநிலையைப் பங்குச்சந்தைக்குத் தொடர்ந்து தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கு இத்தனை காவல்.

கடனை அடைப்பவருக்கு? பத்திரம் பட்டியலிடப்படும் நாளில் மணி அடிக்கும் புகைப்படம் ஒன்று கிடைக்கிறது.

ஆவணங்கள் எதையும் யாரும் பூட்டி வைக்கவில்லை என்பார்கள். உண்மைதான். பங்குச்சந்தையின் இணையதளத்தில் தேடினால் பத்திர வெளியீட்டு ஆவணம் கிடைக்கும். பக்கம் பக்கமாக, ஆங்கிலத்தில், வழக்கறிஞர் மொழியில். அது மும்பையில் உட்கார்ந்து பத்திரம் வாங்கும் நிதி மேலாளருக்காக எழுதப்பட்டது. மணலியில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தின்மேல் பலகை போட்டுக் கடந்து வீட்டுக்குள் போகிறவருக்காக எழுதப்பட்டதல்ல. மறைக்கவில்லை என்பதாலேயே தெரிவித்துவிட்டதாக ஆகிவிடுமா? கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்றே என்று சொல்வதுபோல இருக்கிறது இது.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. பத்திரத்தில் திரட்டிய பணத்தில் இதுவரை எவ்வளவு செலவானது, மீதி எந்த வங்கியில், என்ன வட்டியில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். ‘தங்கள் மனு உரிய பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று முதல் பதில். பிறகு அந்தப் பிரிவிலிருந்து ஒரு தாள்: ‘கோரப்பட்ட விவரங்கள் இணையதளத்தில் உள்ளன.’ எந்த இணையதளம் என்று எழுதவில்லை. வங்கி வட்டி பற்றிய கேள்விக்கு மட்டும் ‘வணிக ரகசியம்’ என்று ஒரு வரி. பொதுப்பணத்துக்கு வங்கி தரும் வட்டியில் யாருடைய வணிகம், யாருக்கு ரகசியம்?

இந்தக் கேள்வியை நான் வீம்புக்குக் கேட்கவில்லை. 2017இல் புணே மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக 200 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 7.59 சதவீதம். மும்பைப் பங்குச்சந்தையில் மத்திய அமைச்சர், முதல்வர் முன்னிலையில் விழா. சில வாரங்களில் திட்டத்தின் ஒப்பந்தப்புள்ளி சர்ச்சையில் சிக்கி ரத்தானது. குழாய் பதிக்க ஆளில்லை. கடன் வாங்கிய பணம் வங்கி வைப்பில் போய் உட்கார்ந்தது. வாங்கிய வட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு! இதில் ஊழல் என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. வேலைக்கு முன்னால் கடனும், கடனுக்கு முன்னால் விழாவும் வந்துவிட்டால் நடப்பது இதுதான். உள்ளூர்ப் பத்திரிகைகளும் குடிமக்கள் அமைப்புகளும் கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டி என்ற உள்ளாட்சி அமைப்பு. கழிவுநீர் கஹாபா ஆற்றில் கலப்பதை நிறுத்த வேண்டும் என்ற வழக்கில் 1996இல் உடன்பாடு ஏற்பட்டது. கழிவுநீர்க் குழாய்களைச் சீராக்கக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு, வட்டியைக் குறைக்கிறோம் என்று வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களில் இறங்கினார்கள். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பது உள்ளூர் மக்களுக்குத் தெரியாது. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதே சந்தேகம். அந்த ஒப்பந்தங்களைப் பெறுவதற்காக ஜேபி மார்கன் நிறுவனம், கவுண்டி ஆணையர்கள் சிலரின் நெருங்கிய நண்பர்களுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகவும், அதை எங்கும் சொல்லாமல் கவுண்டியின் தலையிலேயே கட்டியதாகவும் அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2009இல் குற்றஞ்சாட்டியது. 72 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சமரசத்தில் அது முடிந்தது. கவுண்டி ஆணையத் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்டு லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். 2011 நவம்பரில் கவுண்டி திவாலானது. அந்த நாட்டின் உள்ளாட்சி வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் இல்லை. 2013இல்தான் டெட்ராய்ட் அதை முந்தியது. கழிவுநீர்க் கட்டணம் பல மடங்கு ஏறியது. அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த ஒப்பந்தங்களின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே நாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. உள்ளாட்சிப் பத்திரங்கள் அத்தனைக்குமான ஆவணங்களை ஒரே தளத்தில், காசில்லாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி 2009 முதல் வைத்திருக்கிறார்கள். எம்மா என்று பெயர். ஊர்ப் பெயரை அடித்தால் அந்த ஊரின் கடன் கைக்கு வந்துவிடும். தளம் இருப்பதாலேயே தவறு நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பவர் எங்கே போய் நிற்பது என்ற குழப்பம் அங்கே இல்லை.

நமக்கு இந்த விஷயத்தில் முன்னனுபவம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெங்களூரு 1997இல் மாநில அரசின் உத்தரவாதத்தோடு 125 கோடி திரட்டியது. உத்தரவாதமே இல்லாமல் 1998இல் 100 கோடி திரட்டிய முதல் நகரம் அகமதாபாத். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடும் சேர்ந்துகொண்டது. மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. அந்தக் கடனை அடைக்கும் வழி, ரிங் ரோட்டில் வசூலித்த சுங்கம். சாவடியில் சில்லறை எண்ணிக் கொடுத்த லாரி ஓட்டுநர்தான் அதன் உண்மையான கடனாளி. அவர் கையில் கிடைத்த சீட்டில் பாக்கி இன்னும் எவ்வளவு என்று இருந்திருந்தால், சுங்கச் சாவடிகளைச் சுற்றி நம் ஊரில் நடக்கும் சண்டைகளில் பாதி நடந்தே இருக்காது. அதற்கடுத்து, தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சிறு நகராட்சிகளை ஒன்றாகக் கட்டி, குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காகச் சுமார் 30 கோடி ரூபாயைக் கூட்டாகத் திரட்டினார்கள். நாடே திரும்பிப் பார்த்த ஏற்பாடு அது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சிதான். அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக, பள்ளம் தோண்டும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றைய 5,000 ரூபாய் நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி குடியிருப்போர் சங்கங்களைத் தேடிப்போய்ப் பேசினார். பணம் தருபவர் எதிரில் நின்று கேட்கும்போது ‘இணையதளத்தில் பார்’ என்று சொல்லிவிட முடியாது அல்லவா? தந்தவரும் கேட்பவரும் ஒருவராக இருந்தால் கணக்கு தானாகவே தமிழில் வந்துவிடுகிறது. கடன் பத்திரத்தில் இவர்கள் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். இன்று தருபவர் காப்பீட்டு நிறுவனமோ வங்கியோ; பத்தாண்டுக்குத் திருப்பித் தருபவர் மாதவரத்துக்காரர்.

பொதுமக்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. நகைச்சீட்டும் ஏலச்சீட்டும் வீட்டுக்கடன் தவணையும் தெரிந்த ஊரில் சொல்லக்கூடிய வாதமா இது? தள்ளிப்போன மாதத்துக்கு எவ்வளவு கழிவு என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்கிற பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரே ஒரு பக்கம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அசல் எந்த ஆண்டு முதல் எத்தனை தவணை. வெளியீட்டுக்காகத் தரமதிப்பீடு, ஆலோசகர், அறங்காவலர் வகையில் ஆன செலவு. பத்திரம் வெளியிட்டால் 100 கோடிக்கு 13 கோடி வீதம், 26 கோடி வரை மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. அது வந்ததா, வந்தது எதில் போனது. எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் வடிகால் முடிந்தது. செலவாகாத பணம் எங்கே இருக்கிறது. அவ்வளவுதான். ஆண்டுக்கு இருமுறை இந்தத் தாளை வட்ட அலுவலகப் பலகையில் ஒட்டப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

இருக்கிற சட்டமே அதைத்தான் சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தர வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அதன் 4ஆவது உட்பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் மக்களிடம் போய்ச் சேரக்கூடிய வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆங்கில ஆவணத்தை மும்பைத் தளத்தில் போட்டுவிட்டுக் கை கழுவுவதை இந்தப் பிரிவு ஏற்காது. ‘வணிக ரகசியம்’ என்று மறுக்க உதவும் 8(1)(டி) பிரிவிலேயே, பெரும் பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்ற விலக்கும் உண்டு. வங்கிகளின் தகவல்களை நம்பிக்கை அடிப்படையில் வைத்திருக்கிறோம் என்று ரிசர்வ் வங்கி மறுத்தபோது, 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. ரிசர்வ் வங்கிக்கே இல்லாத திரை ஒரு மாநகராட்சிக்கு எங்கிருந்து வரும்?

மாமன்ற உறுப்பினர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. கடன் வாங்கும் தீர்மானத்தில் கை தூக்கியவர்கள், அதன் வரவுசெலவை ஆண்டுக்கொரு முறையாவது மன்றத்தில் கேட்க வேண்டும். 2022இல் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை வந்துவிட்டது. அங்கே தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குப்பைத் தொட்டி பற்றிய பேச்சுத்தான் அதிகம், அவையும் வேண்டியவையே. கடனைப் பற்றியும் ஒரு கேள்வி அங்கே எழட்டும்.

அடுத்த அரையாண்டு வரியைக் கட்டும் கையோடு ஒரு மனுவும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. மேலே சொன்ன ஐந்தாறு கேள்விகள் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கேட்டுச் சலித்துப்போனால், கோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரம் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.