கொலையாளியின் பிளாஷ்பேக்

தமிழ் சைக்கோ படங்களில் பாதிக்கு மேல் ஒரு பிளாஷ்பேக் வந்தே தீரும். ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் அது பெண்கள் செய்த துரோகம். ‘ராட்சசன்’ (2018) படத்தில் பள்ளியில் பட்ட அவமானம். கொன்றவனுக்குக் காரணமும் பின்னணி இசையும் கிடைத்துவிடுகின்றன. செத்தவர்களுக்குப் பிணவறைக் காட்சிதான். இந்தப் பத்தியின் பழைய ஆதங்கம் இது.

போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) இந்த வழக்கத்துக்கு முழு மறுப்பு. 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்கே அதன் மூலம். கொன்றவன் யாரென்று படம் முடியும்வரை தெரியாது. அதனால் கேமரா போலீஸ் பக்கம் திரும்புகிறது. கிடைத்த காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. காவலுக்குக் கூடுதல் ஆட்கள் கேட்டால், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை, தடம் தெரியாதபடி பூட்ஸுக்கு உறை மாட்டி உதைத்து, வாக்குமூலம் வாங்குகிறார்கள். எந்த பிளாஷ்பேக்கும் சொல்லாததை இந்த உதை சொல்கிறது: அடித்து வாங்கிய ஒவ்வொரு வாக்குமூலமும் உண்மையான கொலையாளிக்குக் கிடைக்கும் அவகாசம்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளராக நடித்த சாங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொன்றவன் என்றாவது திரையரங்கில் உட்கார்ந்திருப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம். 2019-இல் டி.என்.ஏ. சோதனை லீ சூன்-ஜேயைக் காட்டிக்கொடுத்தது. மைத்துனியைக் கொன்றதற்காக அவன் 1994 முதலே சிறையில் இருந்தான். அந்தப் படத்தைச் சிறையிலேயே பார்த்ததாகவும், எதுவும் தோன்றவில்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னான். வழக்கின் காலக்கெடு 2006-லேயே முடிந்திருந்ததால், அந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க முடியவில்லை.

படம் சொன்னதற்குச் சாட்சி வேறொருவர். அதே ஹ்வாசங் கொலைகளில் ஒன்றான, 1988-இல் 13 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரைத் தூங்கவிடாமல் விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆயுள் தண்டனை. போங்கின் படம் வெளியானபோது அவர் சிறையில் 14-வது ஆண்டில் இருந்தார். 2009-இல் பரோலில் வந்தார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில்.